ஜிம்மிக்கு உச்சவரம்பு, மிட்டுவுக்கு ஓர் ஆள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. திருகோணமலை உவர்மலையில் தனியாக இருக்கிறேன். மாத ஓய்வூதியம் 62,000 ரூபா. அதைவிட 18 இலட்சம் ரூபா ஒரே வங்கியில் ஒரு வருட நிலையான வைப்பில் கிடக்கிறது. வட்டி 8 சதவீதம், முதிர்வில்தான் சேரும், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. எனக்குத் துணை இரண்டு பேர். என் நாய் ஜிம்மிக்கு 14 வயது, சிறுநீரகம் பழுதாகிவிட்டது. மருந்து, சேலைன், சாப்பாடு என்று மாதம் 15,000 போகிறது. இடையில் வந்த பெரிய பில்லுக்குச் சங்கிலியை அடகு வைத்து 60,000 எடுத்தேன். பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்கிறார்கள். வான் கூலி மட்டும் 36,000 கேட்கிறார்கள். வைப்பை உடைக்கலாமா? மற்றது மிட்டு, சாம்பல் கிளி. காலமான என் கணவர் 2005இல் கொழும்பில் வாங்கிவந்தது. மாதம் 4,000 போதும். ஆனால் எனக்குப் பிறகு அதை யார் பார்ப்பது? ரொறன்ரோவில் இருக்கும் மகன் "இங்கே அனுப்பிவிடுங்கோ" என்கிறான். மச்சாள் "நாய்க்கும் கிளிக்கும் இவ்வளவு காசா" என்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: வைப்பை உடைக்க வேண்டாம், ரீச்சர்.

முதலில் மச்சாளின் கேள்வியைத் தீர்த்துவிடலாம். ஜிம்மிக்கும் மிட்டுவுக்கும் சேர்த்து மாதம் 19,000. மிச்சம் 43,000 ரூபாவில் தனியாள் ஒருவர், சொந்த வீட்டில், அந்த அடகைத் தவிர வேறு கடன் இல்லாமல் வாழ்கிறீர்கள். வைப்பு வட்டியில் கைவைக்காமலே மாதம் ஓடுகிறது. எனவே மாதச் செலவு உங்களுக்குத் தாங்கும், அதற்கு யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை. உங்களைத் தடுமாற வைத்தது இடையில் திடீரென்று வந்த பெரிய பில்தான். அதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி இருக்கவில்லை, அதனால் சங்கிலி போனது.

இப்போது வைப்பை உடைத்தால் என்ன நடக்கும்? எட்டு மாதத்துக்கு 8 சதவீதப்படி 96,000 ரூபா வட்டி சேர்ந்திருக்கும். முதிர்வுக்கு முன் எடுத்தால் வங்கி அந்த வீதத்தைத் தராது, குறைந்த வீதத்தில் திரும்பக் கணக்குப் பார்க்கும். 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 60,000. போனது 36,000. பேராதனை வான் கூலியும் அதேதான், வேடிக்கையைப் பாருங்கள்.

அதற்குப் பதிலாக அந்த வைப்பையே ஈடாக வைத்து ஒரு இலட்சம் கடன் கேளுங்கள். இப்படிப்பட்ட கடனுக்கு வட்டி, வைப்பு வட்டியைவிடச் சில சதவீதம் கூடுதலாக இருக்கும். 12 சதவீதம் என்றாலும் நாலு மாதத்துக்கு 4,000 ரூபாதான். முதிர்வில் உங்களுக்கு முழு வட்டி 144,000 வரும். கடனும் வட்டியும் 104,000 கழிந்தால் 40,000 மிஞ்சும். 18 இலட்சம் அப்படியே இருக்கும். அந்த ஒரு இலட்சத்தில் முதல் வேலை சங்கிலியை மீட்பது. அடகில் எனக்குப் பயம் வட்டியைப் பற்றி மட்டுமல்ல, தவணை தப்பினால் ஏலத்துக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிற நாட்களில் தவணைத் திகதி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரலில் இருந்து வைப்பு வட்டியில் 10 சதவீத வரியை வங்கியே பிடித்துக்கொள்கிறது. உங்கள் 144,000இல் அது 14,400. ஆனால் வரிக்குரிய வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நீங்கள் அந்த எல்லைக்குக் கிட்டவும் இல்லை. கடன் கேட்கப் போகும் அன்றைக்கே படிவத்தையும் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜிம்மியின் ஒரு மாதச் செலவு ஏறக்குறைய அதிலேயே வந்துவிடும்.

சங்கிலியை மீட்டபின் கையில் ஏறத்தாழ 35,000 நிற்கும். ஜிம்மிக்கு இனி வரக்கூடிய எல்லாப் பெரிய செலவுக்கும் அதுதான் உச்சவரம்பு. கடுமையாகத் தெரிகிறதா? காரணம் சொல்கிறேன்.

நாயின் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) கூடியிருப்பது தெரியவரும்போது, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால்வாசி போயிருக்கும். அது திரும்பி வளராது. சேலைன், பொஸ்பரஸ் குறைந்த உணவு, குமட்டலுக்கு மருந்து, இவை இருக்கிற காலத்தை வேதனை குறைந்ததாக்கும், சில வேளை நீட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை நல்ல இடம், சந்தேகமில்லை. ஆனால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி ஒரு வழிக்கு மட்டும் 180 கிலோமீற்றர் அளவு. வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீர் தேடுகிற 14 வயது நாயை வானில் ஏற்றி இறக்குவது எப்படி என்று நீங்களே யோசியுங்கள். போவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "அங்கே என்ன கண்டுபிடித்தாலும், இங்கே கொடுக்கிற மருந்து மாறுமா?" மாறும், இன்னின்ன விதமாக என்று அவர் சொன்னால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் உச்சவரம்பைத் தாண்டிப் போகலாம். "எதற்கும் ஒருக்கா பார்ப்பம்" என்றால் அந்தக் காசை வீட்டில் செலவழியுங்கள். என்னைக் கேட்டால், நான் போக மாட்டேன்.

வீட்டில் செலவழிக்க நல்ல வழி இருக்கிறது. தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வைத்தியரே உங்களுக்குக் காட்டித் தருவார். பலர் சமையலறைக் கதவுக் கொளுவியில் போத்தலைத் தொங்கவிட்டுச் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஓட்டோ காசும் கிளினிக் காசும் மிச்சம், ஜிம்மிக்கும் அலைச்சல் இல்லை. முப்பது வருடம் வகுப்பறையைக் கட்டி மேய்த்தவருக்கு ஊசி பெரிய காரியமா?

அடுத்தது எழுதக் கஷ்டமான பகுதி. காசுக் கணக்கில் இதையும் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் கடைசி வாரத்தில்தான் மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கிறார்கள். அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, உடலில் நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 10க்குள் ஒரு புள்ளி, நன்றாக இருந்தால் கூட, மோசமென்றால் குறைய. மொத்தம் 70. 35க்கு மேல் நின்றால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. புள்ளி போடுவது உங்களுக்குக் கைவந்த கலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கலண்டரில் குறியுங்கள். ஒரு நாள் புள்ளியை நம்ப வேண்டாம், அடுத்தடுத்த வாரங்களில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். 35க்குக் கீழே இறங்கி ஏறாமல் நின்றால் பெரிய பரிசோதனைகளுக்குக் காசு கட்டுவதை நிறுத்திவிட்டு வைத்தியரோடு ஊசியைப் பற்றிப் பேசுங்கள். முதலில் மயக்க மருந்து, பிறகு மற்றது. அது உறங்கியபடியே போய்விடும். வீட்டுக்கு வருவாரா, எவ்வளவு எடுப்பார் என்பதை இப்போதே, ஜிம்மி வாலாட்டிக்கொண்டு நிற்கும்போதே, கேட்டு எழுதி வையுங்கள்.

குழி வெட்ட ஒரு ஆளுக்கும் அந்த 35,000இலேயே ஒதுக்குங்கள். உவர்மலையில் கல் தட்டும், அரை நாள் வேலை என்று பேசிவிடுங்கள். மூன்று நாலு அடியாவது ஆழம் வேண்டும். அந்த ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும், வேறு நாயோ காகமோ கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து.

இனி மிட்டு. இங்கே கணக்கு தலைகீழ். சாம்பல் கிளிகள் வீட்டு வளர்ப்பில் 40, 50 வருடம் இருக்கும், அதற்கு மேலும் போகலாம். சிக்காகோவுக்குப் பக்கத்தில் புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலையில் குக்கி என்ற கொக்கட்டு (கொண்டையுள்ள கிளி வகை) 83 வருடம் இருந்து 2016இல்தான் செத்தது. மிட்டுவுக்கு இப்போது இருபதுக்கு மேல். நீங்கள் நூறு வயது வாழ்ந்தாலும் அது உங்களுக்குப் பின்னும் கத்திக்கொண்டிருக்கக்கூடும்.

மகன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சாம்பல் கிளி 2017 ஜனவரியில் இருந்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. காட்டில் பிடித்த கிளியை வியாபாரத்துக்கு நாடு விட்டு நாடு கொண்டுபோகவே முடியாது. வீட்டுப் பறவையாகக் கொண்டுபோவதென்றாலும் இரண்டு நாட்டு அனுமதிப் பத்திரமும் வேண்டும். உங்கள் மரணத்துக்குப் பிறகு துக்கத்தில் இருக்கும் மகன் இரண்டு வார லீவில் வந்து முடிக்கக்கூடிய வேலை அல்ல அது. மிட்டு திருகோணமலையிலேயே இருக்கட்டும்.

கிளியின் பெயரில் காசு எழுத முடியாது. சட்டத்தின் கண்ணில் அது உங்கள் சொத்து. சொத்துக்குச் சொத்து எழுத வழியில்லை. எனவே முதலில் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள், பிறகு காசைப் பற்றி யோசிப்போம். பெறாமக்களில் யாராவது, அல்லது உங்கள் பழைய மாணவர்களில் ஒருவர். நாற்பது வயதுக்குள் இருப்பது நல்லது. இப்போதே மாதம் ஒரு சனி ஞாயிறு மிட்டு அவர்கள் வீட்டில் நிற்கட்டும். பழகாத வீட்டுக்குத் திடீரென்று போன சாம்பல் கிளி தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கலாம். அவர்கள் வீட்டுச் சமையலறையில் கூடு வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஒட்டாத பூச்சுச் சட்டி கருகினால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

வைப்பு முதிர்ந்ததும் 18 இலட்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். 10 இலட்சம் இருக்கிற வங்கியிலேயே. 5 இலட்சமும் 3 இலட்சமும் இன்னொரு வங்கியில் தனித்தனி வைப்பாக. இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். இப்போது உங்கள் பணத்தில் 7 இலட்சம் அந்தக் குடைக்கு வெளியே நிற்கிறது. அதோடு, அடுத்த அவசரத்தில் உடைக்க வேண்டி வந்தாலும் சின்ன வைப்பு ஒன்றுதான் உடையும்.

அந்த 3 இலட்சம் மிட்டுவுடையது. அதற்கு, கிளியைப் பொறுப்பேற்பவரை நியமனதாரராக, அதாவது உங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுபவராக, போடுங்கள். மகனையல்ல. மரணசாசனம் நீதிமன்றம் போய்த் திரும்ப மாதக்கணக்காகும், மிட்டுவுக்கு அடுத்த நாள் காலையே சாப்பாடு வேண்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம், நீங்கள் இருக்கும்போதே அந்தக் காசு கைமாறக்கூடும்.

3 இலட்சம் எவ்வளவு காலம் வரும்? வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறையச் சமம் என்று வைத்தால், மாதம் 4,000படி ஆறு வருடம். முப்பது வருடத்துக்கு வேண்டுமென்றால் இன்றைய விலையில் 14 இலட்சத்து 40 ஆயிரம். அதை ஒதுக்காதீர்கள். 2022இல் பணவீக்கம் 70 சதவீதம் வரை போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். உங்கள் சொந்த முதுமைக்கு, உங்கள் வைத்தியச் செலவுக்கு, அந்த 15 இலட்சம் தேவை. ஆறு வருடத்தில் மிட்டு அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும், பிறகு அதன் பழமும் பயறும் அவர்கள் வீட்டுச் செலவோடு போகும். மகனுக்குப் பங்கெடுக்க ஆசையென்றால் நல்லது, பறவையை அல்ல, பறவைக்கு மாதாமாதம் காசை அவர் பொறுப்பேற்கட்டும். அதை இப்போதே அந்த வீட்டாருக்கு முன்னால், தொலைபேசியிலாவது, சொல்லச் சொல்லுங்கள்.

மரணசாசனத்தில் இரண்டு வரி போதும்: மிட்டு யாருக்கு, அவர் ஏற்க முடியாவிட்டால் அடுத்ததாக யாருக்கு. நொத்தாரிசுக்கு முன் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். உங்கள் கணவர் 2005இல் கிளி வாங்கிய பற்றுச்சீட்டு பெட்டி அடியில் எங்காவது கிடந்தால் அதையும் அந்தக் கடதாசிகளோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் யாராவது அதிகாரி வந்து கிளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பொறுப்பேற்றவருக்குக் காட்ட ஒன்று இருக்கும்.