சத்தமான ஐரிஷ் புல்லாங்குழல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சில வருடங்களாக மரப் புல்லாங்குழலில் ஐரிஷ் பாரம்பரிய இசை வாசிக்கிறேன். செஷனில் (பாரம்பரிய இசைக்காரர்கள் கூடி வாசிக்கும் அமர்வில்) இரண்டு அக்கார்டியன், ஒரு பாஞ்சோ, நாலைந்து ஃபிடில் சேர்ந்துவிட்டால் என் குழல் எனக்கே கேட்பதில்லை. நல்ல சத்தம் வரும் குழலாக ஒன்று வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். பிராட்டன் மாதிரி வாங்கினால்தான் சத்தம் வரும், ருடால் மாதிரி மென்மையானது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பிராட்டன், ருடால் இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டு லண்டன் குழல்களின் பெயர்கள். ருடால் அண்ட் ரோஸ் என்ற பட்டறை செய்தவை ஒரு வகை, ராபர்ட் சிட்னி பிராட்டன் என்ற வித்வானின் பெயரில் பூஸி நிறுவனம் செய்தவை இன்னொரு வகை. பிராட்டன் குழலில் உள்விட்டம் கொஞ்சம் அகலம், விரல் துளைகளும் பெரிது, சில துளைகள் 10 மில்லிமீட்டரையும் தாண்டும். அதனால் காற்றை நிறைய வாங்கிக்கொண்டு நிறையவே திருப்பித் தரும். ஆனால் ருடால் பட்டறையிலிருந்தும் பெரிய துளைக் குழல்கள் வந்திருக்கின்றன, இன்றைய தயாரிப்பாளர்கள் 'ருடால்' என்று விற்பவை எல்லாம் ஒரே அளவும் இல்லை. பெயரை மட்டும் வைத்து சத்தத்தை முடிவு செய்யாதீர்கள்.

இன்று நாம் ஐரிஷ் புல்லாங்குழல் என்று சொல்வதே சத்தத்துக்காகப் பிறந்த கருவி. சார்ல்ஸ் நிக்கல்சன் என்ற ஆங்கில வித்வான் துளைகளை நன்றாக அகலப்படுத்திய குழலில் வாசித்து லண்டனைக் கலக்கிக்கொண்டிருந்தார். 1831-இல் அவர் வாசிப்பைக் கேட்ட ஜெர்மானியரான தியோபால்ட் போம், அந்த பலத்துக்குத் தன் குழலில் ஈடுகொடுக்க முடியாது என்று கண்டு கருவியையே புதிதாக வடிவமைக்க உட்கார்ந்தார். 1832-இல் ஒரு வடிவம், 1847-இல் உருளை வடிவ உட்குழாய் கொண்ட இன்னொன்று. இன்று ஆர்க்கெஸ்ட்ராவில் பார்க்கும் உலோகக் குழல் அந்த இரண்டாவதின் வாரிசு. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் அந்தப் பக்கம் போனதும், கூம்பு போலக் கீழே குறுகிவரும் பழைய மரக் குழல்கள் மலிவாகக் கைமாறி அயர்லாந்து வாசிப்பவர்களிடம் வந்து சேர்ந்தன. ஆகவே ஓரளவு நன்றாகச் செய்த எந்தக் குழலிலும் செஷனுக்குப் போதுமான சத்தம் உள்ளே இருக்கிறது, அதை வெளியே கொண்டுவருவதுதான் பிரச்சினை.

அதை முடிவு செய்வதில் முதல் இடம் ஊதும் துளைக்கு. அதன் அளவு, வடிவம், காற்று மோதும் எதிர்விளிம்பு எவ்வளவு கூராக இருக்கிறது, துளையின் சுவர் எவ்வளவு ஆழம், உட்பக்கம் எப்படிக் குடைந்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் மூச்சு சத்தமாக மாறுவதைத் தீர்மானிக்கிறது. நீள்வட்டத் துளை பழைய பாணி, அதில் உதட்டுக்கு வேலை அதிகம், ஆனால் பலர் தேடுகிற கரகரப்பான அடர்த்தி அதில் அழகாக வரும். முனைகள் உருண்ட செவ்வகத் துளை காற்றைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், சத்தமும் சுலபமாக வரும். உங்கள் தேவை சத்தம்தான் என்றால் இரண்டையும் ஊதிப் பாருங்கள், உட்குழாய் அளவைப் பற்றிய பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கூட்டத்தில் கேட்பது என்பது வெறும் ஒலி அளவு இல்லை. ஆறு துளையையும் மூடினால் வரும் கீழ் டி ஸ்வரம் 294 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது, அந்த அடிச்சுருதி மட்டும் வந்தால் எவ்வளவு ஊதினாலும் அக்கார்டியனுக்குள் கரைந்துபோகும். அதற்கு மேலே உள்ள இரண்டாவது, மூன்றாவது இணைச்சுருதிகள் (அடிச்சுருதியோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வுகள்) பலமாக வந்தால் அதே ஸ்வரம் வெட்டிக்கொண்டு வெளியே வரும். மேட் மொல்லோய், கேத்தரின் மெக்எவோய், கோனல் ஓ கிராடா, ஹாரி பிராட்லி போன்ற ஐரிஷ் குழல் வித்வான்களுடைய கீழ் டி-யைக் கேட்டுப் பாருங்கள், ஓசையில் ஒரு விளிம்பு இருக்கும். 1920-களில் நியூயார்க்கில் பதிவான அயர்லாந்தின் லீட்ரிம் பகுதி வித்வான் ஜான் மெக்கெனாவின் இசைத்தட்டுகளில் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் குழல் முன்னால் வந்து நிற்கிறதென்றால் பெரிய காரணம் அவர் மூச்சில் கொடுத்த அழுத்தமும் தாளமும்.

சரி, எதை வாங்குவது? உங்கள் கை பெரிது, விரல்கள் நன்றாக விரியும் என்றால் பிராட்டன் வகை. கை சிறியது என்றால் நடுத்தரத் துளையுள்ள ருடால் வகை, அதுவும் நல்ல ஊதும் துளையோடு. பெரிய துளையை முழுதாக மூட முடியாமல் திணறினால் ஓரத்தில் கொஞ்சம் காற்று கசியும், கசிந்தால் கீழ் டி முதலில் சாகும், அப்புறம் சத்தமான குழல் வாங்கியும் பயனில்லை. பட்டறைகளில் அமெரிக்காவில் பேட்ரிக் ஆல்வெல், அயர்லாந்தில் ஹாமி ஹாமில்டன், மார்ட்டின் டாய்ல், எய்மன் காட்டர், ஆஸ்திரேலியாவில் டெர்ரி மக்கீ போன்ற பெயர்கள் இந்த இசை வாசிப்பவர்களிடம் நம்பிக்கை பெற்றவை. பேர் பெற்ற சிலரிடம் முறைப்பட்டியல் வருடக்கணக்கில் நீளும், அதனால் அவர்கள் கையால் செய்த பழைய குழல் விற்பனைக்கு வந்தால் யோசிக்காமல் போய் ஊதிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள குழலிலேயே சத்தத்தைக் கூட்ட வழி இருக்கிறதா, இல்லை உடனே மாற்றிவிட வேண்டியதுதானா?

பதில்: உடனே மாற்ற வேண்டாம், முதலில் குழலைச் சோதியுங்கள். தலைப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு மற்றப் பகுதிகளைச் சேர்த்து, ஆறு துளைகளையும் மூடி, கீழ் முனையை அடைத்து, மேல் முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடிப்பு சில நொடிகளாவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் இணைப்பில் சுற்றிய நூல் தளர்ந்திருக்கும், அல்லது மரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல், கீ (துளையை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல்) இருந்தால் அதன் மெத்தை. தலைப்பகுதியில் உள்ள தக்கையையும் பாருங்கள், ஊதும் துளையின் நடுவிலிருந்து தக்கையின் முகம் வரை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நகர்ந்திருந்தால் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. பல "சத்தமில்லாத" குழல்களின் வியாதி இந்தக் கசிவுதான், ஒரு கண்டு நூலில் தீர்ந்துவிடும்.

அடுத்தது உதடு. பலரும் சத்தம் வேண்டுமென்று மூச்சை மட்டும் கூட்டுகிறார்கள், அப்படிச் செய்தால் சுருதி ஏறும், கீழ் ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும், மூச்சும் வாங்கும். தலைப்பகுதியைக் கொஞ்சம் உங்கள் பக்கமாகத் திருப்பி வையுங்கள். கீழ் உதடு ஊதும் துளையில் மூன்றில் ஒரு பங்காவது மூடட்டும், இரு உதடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சிறிதாக்குங்கள், காற்றைக் குறுக்கே அடிக்காமல் கீழ்நோக்கித் துளைக்குள் செலுத்துங்கள். சரியான இடத்தில் விழும்போது ஓசை திடீரென்று மாறும், உங்கள் விரல் நுனியில் குழல் அதிரும். அந்த இடத்தைத் தினமும் தேடுங்கள். கீழ் ஜி-யில் ஆரம்பித்து எஃப் ஷார்ப், இ, டி என்று ஒவ்வொன்றாக இறங்கி நீட்டி ஊதுங்கள். ரீல், ஜிக் போன்ற நடன மெட்டுகளை எல்லாம் வேகமாக வாசித்துப் பழகுவதைவிட இது அலுப்பாக இருக்கும், இருந்தாலும் செஷனில் உங்களைக் கேட்க வைப்பது இதுதான், இதற்கு மாற்று எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

செஷனில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். குழலின் சத்தம் முன்னாலும் உங்கள் வலப்பக்கமும் போகிறது, உங்கள் காதுக்கு வருவது குறைவு. எதிரிலோ வலப்பக்கத்திலோ வெறும் சுவர் இருந்தால் ஓசை திரும்பி வரும். அக்கார்டியனுக்குப் பக்கத்து நாற்காலியைத் தவிருங்கள். நீங்கள் உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கும் நேரத்தில் எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கலாம், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எந்த மரம் அதிகச் சத்தம் தரும்? பிளாக்வுட் என்கிறார்கள், விலையும் கூடுதலாக இருக்கிறது.

பதில்: மரம் சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே மாதிரியான குழல்கள் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் கேட்க வைத்தும் ஊத வைத்தும் சோதித்து 1971-இல் முடிவை வெளியிட்டார், பொருளை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் ஆப்பிரிக்க பிளாக்வுட்டை ஏன் தேடுகிறார்கள்? அது அடர்த்தியானது, விளிம்பைக் கூராகச் செதுக்கலாம், செதுக்கிய விளிம்பு அப்படியே நிற்கும், உட்சுவர் வழவழப்பாக இருக்கும், ஈரத்துக்கு அதிகம் அசையாது. பாக்ஸ்வுட் அழகு, கையில் லேசு, ஆனால் வளையும் குணம் உண்டு. பழைய லண்டன் குழல்கள் பல கரீபியன் பகுதியின் கோகஸ் மரம். கோகஸும் பிளாக்வுட்டும் சிலருடைய உதட்டில் அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். அப்படி ஆனால் தயங்காமல் வேறு மரத்துக்கோ டெல்ரின் பிளாஸ்டிக்குக்கோ மாறுங்கள், நன்றாகச் செய்த டெல்ரின் குழல் மரத்துக்குச் சத்தத்தில் குறைந்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிளாக்வுட் சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதையும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்கான ஒப்பந்தம்) கட்டுப்படுத்தினார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு கிடைத்துவிட்டது, பிரேசிலிய ரோஸ்வுட் மட்டும் இன்னும் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: கீ உள்ளதா, இல்லாததா?

பதில்: இல்லாதது. டி, ஜி, அவற்றோடு சேர்ந்த மைனர், டோரியன் மெட்டுகள்தான் செஷனில் பெரும்பகுதி, ஆறு துளையே போதும், சி நேச்சுரலைக் குறுக்கு விரல் வைத்து எடுத்துவிடலாம். ஒவ்வொரு கீயும் கசிவுக்கு ஒரு வாசல், விலையும் ஏறும். ஜி மைனரில் மெட்டுகள் வாசிக்க ஆசை வரும்போது யோசியுங்கள்.

கேள்வி: ஏலத்தில் ஒரு எட்டு கீ பழங்காலக் குழல் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஊதிப் பார்க்காமல் வேண்டாம். பழைய குழல்களில் பல, ஏ 440 (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) என்ற இன்றைய சுருதிக்குச் செய்யப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் 452 வரை உயர்ந்த சுருதி புழக்கத்தில் இருந்தது, அப்படிப்பட்ட குழலைத் தலைப்பகுதியை இழுத்து 440-க்குக் கொண்டுவந்தால் ஸ்வரங்களுக்குள் உள்ள உறவு கெட்டுவிடும். தலைப்பகுதிக்குள் உலோகக் குழாய் பொருத்தியிருந்தால் அதன் மேலுள்ள மரம் சுருங்கி நீளமாகப் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம், அதைத்தான் முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பட்டறைப் பெயர் இல்லாத ஜெர்மன் குழல்கள் மலிவாக நிறைய வரும், அவற்றில் பெரும்பாலும் துளைகள் சிறியவை, உங்கள் தேவைக்கு ஆகாது. நேரில் பார்க்க முடிந்தால் உடன் ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் கீழ் டி-யை நீட்டி ஊத, அவர் அறையின் மறுகோடியில் நின்று கேட்கட்டும், அப்படியே உங்கள் இப்போதைய குழலிலும் ஊதிக் காட்டுங்கள். எது எது என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அவர் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.