ஆறு மின்தேக்கிகளும் ஒன்றாகப் பழுதாகுமா?

கேள்வி: மழையில் நனைந்து நின்றுபோன கைப்பேசியின் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, போர்டை மல்டிமீட்டரால் சோதித்தேன். அருகருகே உள்ள ஆறு மின்தேக்கிகளும் (கெபாசிட்டர்) ஷார்ட் என்றே காட்டின. மூன்றை மாற்றியும் பயனில்லை. மற்றவற்றையும் மாற்ற வேண்டுமா? - வாசகர், ஈசூன்

பதில்: மாற்றாதீர்கள். ஒரே மின்தடத்துக்கும் கிரவுண்டுக்கும் (போர்டின் பொதுவான எதிர்முனை) இடையே பல மின்தேக்கிகள் பக்க இணைப்பில் இருப்பதால், அவற்றுள் ஒன்று பழுதானாலும் அந்தத் தடத்தில் எதைத் தொட்டாலும் மீட்டர் ஒலிக்கும். நீங்கள் கழற்றிய மூன்றும் நல்லவையாகவே இருந்திருக்கலாம்.

ஒலியை மட்டும் நம்பாமல் மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கருப்பு முனையைத் தடத்திலும் வையுங்கள். நல்ல தடங்கள் பலவற்றில் ஏறத்தாழ 0.3 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். பூச்சியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட், 'ஓஎல்' என்று வந்தால் தடம் அறுந்திருக்கலாம். ஆனால் புராசசருக்கு மின்சாரம் தரும் சில தடங்களில் இயல்பாகவே மின்தடை ஓரிரு ஓம் அளவுக்குக் குறைந்திருக்கும் என்பதால், அதே மாடலின் நல்ல போர்டு ஒன்றில் அதே இடத்தை அளந்து ஒப்பிடாமல் முடிவுக்கு வரக்கூடாது. இந்தப் பொறுமை இல்லாமல் நல்ல போர்டுகள் வீணாவது வருத்தத்துக்குரியது.

ஷார்ட் உறுதியானால், அந்தப் பகுதியில் ரோசின் (பற்றவைப்புக்குப் பயன்படும் பிசின்) புகையை மெல்ல வெண்மையாகப் படியவிட்டு, பவர் சப்ளையில் மின்னோட்ட வரம்பைக் குறைவாக வைத்து, சுமார் 1 வோல்ட்டில் தொடங்கி, தடத்தின் இயல்பான மின்னழுத்தத்தைத் தாண்டாதபடி மின்சாரம் செலுத்துங்கள். பழுதான பாகம் முதலில் சூடேறுவதால் அதன்மேல் படிந்த வெண்மை உருகி மறையும். அந்த ஒன்றை மட்டும் கழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். மின்தேக்கியின்மேல் உருகாமல் ஐசி எனப்படும் சில்லின்மேல் உருகினால், பழுது பெரும்பாலும் ஐசியில்தான். நனைந்த போர்டு என்பதால், இவற்றுக்கெல்லாம் முன்பே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலரவிடுவது அவசியம். உப்புப் படிவே ஷார்ட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

மின்தேக்கியின் கொள்ளளவைப் போர்டில் இருக்கும்போது அளப்பது பயனற்றது. ரெசிஸ்டர் அங்கே குறைவாகக் காட்டுவது இயல்பு. குறித்த மதிப்பைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால் ஐயப்படலாம். இவற்றில் சில 0.4 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. ஆகவே ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் மீட்டருக்கு ஊசிமுனைப் புரோப்களைக் கேட்டு வாங்குங்கள். தடித்த முனை பக்கத்துப் பாகத்தையும் சேர்த்துத் தொட்டு, இல்லாத ஷார்ட்டைக் காட்டிவிடும்.