பின்னால் வந்த கார் லேசாக இடித்துவிட்டது. கையில் பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாமா?

சிக்னலில் நின்றபோது பின்னால் வந்தவர் இடித்துவிட்டார், பம்பரில் கீறல் மட்டும்தான், ஆள் நல்லவராகத் தெரிகிறார், ரிப்பேர் செலவைக் கையிலேயே தருகிறேன் இன்சூரன்ஸ் வேண்டாம் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். பம்பரைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகு வாங்குங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் பட்ட கதை, நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் வக்கீலும் இல்லை, இன்சூரன்ஸ் ஏஜென்டும் இல்லை. விதிகள் நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறும். "ஒரு கீறலுக்கு இவ்வளவு அலப்பறையா, மனிதாபிமானமே கிடையாதா" என்று யாராவது கிளம்பி வருவீர்கள் என்றும் தெரியும். ஐயா, மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டுதான் நான் மாட்டினேன்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தபடி நின்றிருந்தேன். பக்கத்து சீட்டில் என் கணவர். 'டொப்' என்று ஒரு சத்தம். டிக்கியில் வைத்த பை சரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தலை பின்னால் போய் சீட்டில் முட்டித் திரும்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு பையன், இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருக்க, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

இறங்கிப் போனேன். "அக்கா, தப்பு என்மேலதான்க்கா. ஒரு செகண்ட் போனைப் பார்த்துட்டேன். இது அப்பா வண்டி" என்றான். குரல் நடுங்கியது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பரிதாபம் வந்துவிட்டது. என் பம்பரைக் குனிந்து பார்த்தேன். அவன் நம்பர் பிளேட்டில் இருந்த இரண்டு ஸ்குரூவின் தலைகள் இரண்டு சின்னப் பொட்டாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் ஒரு கையளவுக்குக் கீறல். வேறு ஒன்றும் இல்லை. டிக்கி திறந்தது, மூடியது. லைட் எரிந்தது.

பத்து நிமிடத்தில் பையனின் சித்தப்பா வந்தார். நிதானமான மனிதர். பர்ஸைத் திறந்து, நான் மனதில் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணி நீட்டினார். எனக்குச் சந்தோஷம். அப்புறம் ஏதோ ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார்: "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன். இனி இது சம்பந்தமாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நானும் போட்டுக் கொடுத்தேன். ஒரு போட்டோ எடுக்கவில்லை. அவருடைய பாலிசி விவரம் கேட்கவில்லை. என் இன்சூரன்ஸுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. பெரிய மனது பண்ணிய திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பின்னால் இடி வாங்கினால் இப்படித்தான், வலி அங்கேயே தெரியாது, பல மணி நேரம் கழித்து, சிலருக்கு அடுத்த நாள்தான் தெரியும். எனக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. உங்களுக்கும் அப்படி இருந்தால் டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் நாள் டிக்கியை மூடினால் பூட்டு விழவில்லை. ஓங்கி அறைந்தால்தான் விழுந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். வயதான மெக்கானிக், பம்பரை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "இது சட்டைதாம்மா. உள்ள விலா எலும்பைப் பார்க்கணும்."

கழற்றினார்கள். நாம் வெளியே பார்க்கும் பம்பர் பெயிண்ட் அடித்த ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இடித்தால் உள்ளே அமுங்கும், விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் ஒன்றும் ஆகாத மாதிரி நிற்கிறது. அதற்குள்ளே தெர்மோகோல் மாதிரி ஒரு நுரைப் பட்டை, அதற்கும் பின்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். நுரை மூன்று துண்டாகப் போயிருந்தது. சட்டம் நடுவில் குழிந்திருந்தது. உறையைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் பாதி உடைந்திருந்தன, பார்க்கிங் சென்சார் ஒன்று அதன் பிடியிலிருந்து கழன்று ஒயரில் தொங்கியது. கடைசியாக டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்டெப்னி உட்காரும் குழியின் தகட்டில் துணி கசங்கியது போல மெல்லிய சுருக்கம். அந்தச் சுருக்கத்தின் ஓரத்தில் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. எஸ்டிமேட், நான் வாங்கிய தொகையைப் போல மூன்று மடங்கு.

"மெதுவாத்தான்க்கா வந்தேன்" என்று பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் மெதுவு என்பது நாம் நினைப்பது போல இல்லை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரிடம் இருக்கும் ஆற்றல், அதே காரை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவோ அவ்வளவு. 20 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மீட்டருக்கும் மேல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இடிபட்ட கார் முன்னால் நகர்ந்து கொடுப்பதால் எல்லாம் சேதமாக மாறாது, சரி. மாறிய அளவுக்கே என் வண்டியில் இவ்வளவு.

பையனுக்குப் போன் பண்ணினேன். "சித்தப்பாகிட்ட பேசுங்கக்கா" என்றான். சித்தப்பா மரியாதையாகத்தான் பேசினார்: "அதான் எழுதிக் கொடுத்தாச்சே மேடம்." அவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, நம் இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்று அங்கே போனேன். இரண்டு கேள்வி கேட்டார்கள். ஏன் உடனே தகவல் சொல்லவில்லை? எதிர்த்தரப்பிடம் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? முதல் கேள்விக்கு வழிந்தேன். இரண்டாவதில் மாட்டினேன். நமக்குப் பணம் கொடுத்த பிறகு, நம் இடத்தில் நின்று அந்தப் பணத்தை இடித்தவரிடமோ அவருடைய இன்சூரன்ஸிடமோ வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. "இனிக் கோரிக்கை இல்லை" என்று நான் எழுதிக் கொடுத்தபோது என் உரிமையோடு சேர்த்து அவர்களுடைய உரிமையையும் தூக்கிக் கொடுத்துவிட்டேனாம். கிளெய்ம் நின்றுபோனது. அந்தக் கம்பெனியை நான் திட்டவில்லை, பாலிசித் தாளில் இது இருந்தது. படிக்காதது நான்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டி என் பெயரில். பாலிசி என் பெயரில். ஓட்டியது நான். சித்தப்பா இறங்கியதும் நேராக என் கணவரிடம் போய், "சார், நீங்க சொல்லுங்க, எவ்வளவு பார்க்கலாம்" என்றார். மெக்கானிக் அவருக்குப் போன் பண்ணி எஸ்டிமேட் சொன்னார். இன்சூரன்ஸிலிருந்து பேசியவர் "ஓட்டுனது சார்தானே?" என்று இரண்டு முறை கேட்டார். என் கணவருக்கு கிளட்ச் எந்தக் கால் பிரேக் எந்தக் கால் என்றே தெரியாது. லைசென்ஸே கிடையாது அவருக்கு! சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அதான் சொன்னேன், பொம்பளைங்க திடீர்னு பிரேக் போடுவாங்க" என்றார். நின்றிருந்த வண்டிய்யா. நின்றிருந்த வண்டிக்கு எங்கிருந்து திடீர் பிரேக்? காபியைக் கொடுத்து அனுப்பினேன், சர்க்கரை போடாமல்.

அவர் சொன்னதில் ஒரு நூல் அளவு விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் இடித்தவர்மேல்தான் தப்பு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், இடைவெளி விட்டு ஓட்டுவது அவர் பொறுப்பு என்பதால். ஆனால் அது கல்வெட்டு இல்லை. முன்னால் இருப்பவர் ரிவர்ஸ் எடுத்திருந்தால், பிரேக் லைட் எரியாமல் இருந்தால், சட்டென்று குறுக்கே நுழைந்து பிரேக் போட்டிருந்தால் கதை மாறும். அன்று பாவமாக நிற்பவர் அடுத்த வாரம் "அவங்க வண்டி பின்னால வந்துச்சு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே இரண்டு வண்டியும் இடித்த நிலையிலேயே நிற்கும்போது, போக்குவரத்து இடம் கொடுத்தால், தள்ளி நின்று ஒரு படம், கிட்டே ஒரு படம், இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டுங்கள். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி, லைட் எரிவதை வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. உங்கள் விஷயத்தில் அந்த நேரம் தாண்டிவிட்டது. பரவாயில்லை, இப்போது எடுங்கள். அவர் ஒப்புக்கொண்டதை ஒரு மெசேஜாகவாவது வாங்கி வையுங்கள்.

அடுத்து, கிளெய்ம் போடுவதா வேண்டாமா. இதில் நான் இன்சூரன்ஸ் பக்தை இல்லை. உங்கள் சொந்தப் பாலிசியில் போட்டால், முதலில் பாலிசிப்படி உங்கள் பங்காக ஒரு தொகை கழியும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கும் பாலிசிகளும் உண்டு. அப்புறம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விட்டால் அடுத்த பிரீமியம் ஏறும், பழைய தள்ளுபடிக்குத் திரும்பி வரச் சில வருடங்கள் ஆகலாம். சும்மா ஒரு கணக்குக்கு, எஸ்டிமேட் 100 என்று வையுங்கள். உங்கள் பங்கு 20, தேய்மானம் 15 போனால் கிடைப்பது 65. வரும் வருடங்களில் இழக்கும் தள்ளுபடி மொத்தம் 70 என்றால் கிளெய்ம் போட்டது நஷ்டம். எஸ்டிமேட் 400 என்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். இந்தக் கணக்கை எஸ்டிமேட் கையில் வந்த பிறகுதானே போட முடியும்? மறுபடியும் பம்பரைக் கழற்று என்றுதான் வந்து நிற்கிறது.

இடித்தவருடைய இன்சூரன்ஸில் கேட்கும் வழியும் இருக்கிறது. அதில் உங்கள் போனஸ் பொதுவாகத் தப்பும், அலைச்சல் கூடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், இன்றே உங்கள் கம்பெனிக்குப் போன் பண்ணி "இப்படி ஒன்று நடந்தது, கிளெய்ம் போடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று பதிந்துவிடுங்கள். தகவல் சொல்வது வேறு, கிளெய்ம் போடுவது வேறு. தகவல் சொன்னாலே போனஸ் போய்விடுமா என்று பயமாக இருந்தால் அதையும் அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள்.

இதற்கிடையில் என் அப்பா, "அந்தக் காலத்து வண்டியெல்லாம் இரும்பு பம்பர், இடிச்சவன் வண்டிதான் நசுங்கும்" என்று ஆரம்பித்தார். எரிச்சலில் ஒரு ராத்திரி உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தேன். 1970களில் அமெரிக்காவில், மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேக மோதலை பம்பர் தாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 1982இல் அதை இரண்டரை மைலாகக் குறைத்துவிட்டார்கள். அப்பா முழுத் தப்பில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அசையாத இரும்பு, இடியை அப்படியே உள்ளே இருப்பவரின் கழுத்துக்கு அனுப்பும். நொறுங்குவதுதான் அந்த நுரையின் வேலை. நொறுங்கியதை மாற்றாமல் மேலே பெயிண்ட் மட்டும் அடித்து ஓட்டினால், அடுத்த இடிக்கு அங்கே ஒன்றும் இருக்காது. புது மாடல் என்றால் பம்பருக்குள் ரேடாரும் இருக்கலாம். அதன் முன்னால் பட்டி பார்த்துத் தடிமனாகப் பெயிண்ட் அடித்தால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருடம் நானே ஒருவரை இடித்தேன். ஆமாம். ஊர்ந்துகொண்டிருந்த நெரிசலில் பிரேக்கிலிருந்து கால் வழுக்கிவிட்டது. இறங்கி வந்த அம்மாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பம்பரைத் தடவிப் பார்த்தார். நான் அவசரமாகப் பணத்தை எடுத்தேன். "உள்ள வைம்மா. கழட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன், உன் நம்பரையும் பாலிசி நம்பரையும் குடு" என்றார். சுருக்கென்றது. என்னை நம்பவில்லையா என்று ஒரு நிமிடம் முகம் சிவந்தது எனக்கு, இவ்வளவும் பட்டவளுக்கு!

மூன்றாம் நாள் போன் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, இரண்டு கிளிப் மட்டும்தான், பாலிஷ் போட்டால் போதுமாம். நான் நீட்டிய பணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. அதை அனுப்பிவிட்டு, தொகையும் தேதியும் வண்டி நம்பரும் போட்டு "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதி அனுப்பினார்.

உங்கள் ஆள் நிஜமாகவே நல்லவர் என்றால் மூன்று நாள் பொறுப்பார். இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தத் தகட்டைப் பாருங்கள். அப்படியே டிக்கி மூடிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்றும் விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள்.