ஓகே அமுக்கினது யாரு?

கேள்வி: அம்மா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறார். கையில் பட்டன் போன்தான். பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் 7 ரூபாய் 47 பைசா ஏறுகிறது, ஏறிய கொஞ்ச நேரத்திலேயே மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று காணாமல் போகிறது. கேட்டால் "நான் ஒண்ணையும் அமுக்கலியே மக்களே" என்கிறார். கடைக்காரர் ஏதோ பாட்டு ஓடுகிறது என்கிறார். போன காசு திரும்பக் கிடைக்குமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அம்மா ஒன்றும் அமுக்கவில்லை என்பதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் அம்மாவின் மடி அமுக்கியிருக்கும். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர், போனை மடியில் செருகியிருப்பார், கீ லாக் போட்டிருக்க மாட்டார், குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பட்டன் அமுங்கும். கம்பெனி அனுப்பும் விளம்பரம் இன்பாக்ஸில் போய் உட்காரும் மெசேஜ் என்றால் பரவாயில்லை. இது அப்படி இல்லை, யாரிடமாவது பேசி வைத்ததும் திரை மேலேயே 'ராசிபலன் வேண்டுமா, பக்திப் பாடல் வேண்டுமா' என்று வந்து நிற்கும், கீழே ஓகே. சிம் கார்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன மெனு செய்யும் வேலை இது. இன்னொரு வழியும் உண்டு. யாரையாவது கூப்பிடும்போது அவர் வைத்திருக்கும் காலர் டியூன் கேட்குமே, அப்போது நட்சத்திரக் குறியை அமுக்கினால் அதே பாட்டை நமக்கும் வைக்க ஏற்பாடு ஆரம்பமாகிவிடும்.

சரி, ஒரு தடவை அமுங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு காசு எடுக்க அவர்களுக்கு உரிமை வந்துவிடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் போட்ட உத்தரவுப்படி, இந்த மாதிரி கூடுதல் சேவைகளுக்கு இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று சொல்லி இரண்டாவது சம்மதமும் வாங்கிய பிறகுதான் காசில் கை வைக்கலாம். அதனால் கஸ்டமர் கேரில் பேசும்போது "எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது மரத்துப் போயிருக்கும். "இரண்டாவது சம்மதம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எப்படி வந்தது, சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் பாட்டுதான் ஓடும், காத்திருங்கள்.

என் போனிலேயே இரண்டு மாதம் கன்னி ராசிக்குப் பலன் வந்தது. நான் கன்னி ராசியே இல்லை. மாதம் முப்பது முப்பதாக அறுபது ரூபாய் போன பிறகுதான் கவனித்தேன், எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். முதல் தடவை பேசினபோது சத்தம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை புகார் எண் வாங்கிக்கொண்டு மேலே சொன்ன கேள்வியைக் கேட்டேன், மூன்றாம் நாள் அறுபதும் பேலன்ஸில் ஏறிவிட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் போனில் இருந்தே ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் அடித்து 155223க்கு அனுப்புங்கள், எஸ்எம்எஸ் அடிக்க வராவிட்டால் அதே எண்ணைக் கூப்பிடலாம். எல்லா கம்பெனிக்கும் பொதுவான எண் அது, காசும் கிடையாது. ஒன்றுக்கு மேல் சேவைகள் ஓடிக்கொண்டிருக்கலாம், ஒன்றை நிறுத்திவிட்டு நிம்மதியாக வைத்துவிடாமல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நின்றுவிட்டது என்று பதில் வரும்வரை டாப்-அப் போட வேண்டாம். பேலன்ஸ் இல்லாததால் புதுப்பிக்க முடியாமல் நிற்கும் சேவை, காசு ஏறின உடனே வந்து எடுத்துக்கொள்ளும், உங்கள் பத்து ரூபாய் போட்டதும் கரைவது பெரும்பாலும் இதனால்தான். அப்புறம் அன்றைக்கே 198க்குப் போன் செய்து புகார் கொடுத்து, புகார் எண்ணைக் காலண்டரின் ஓரத்திலாவது எழுதி வையுங்கள், எண் இல்லாத புகார் புகாரே இல்லை. நாள் கடத்தக் கடத்த பணம் திரும்புவது கஷ்டம். காசு பிடித்ததாக வந்த மெசேஜ்கள்தான் உங்கள் சாட்சி, பட்டன் போனில் இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று பேரப்பிள்ளை யாராவது மொத்தமாக அழித்து வைப்பதற்குள் தேதியையும் தொகையையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். அழிந்தே போயிருந்தாலும் வழி உண்டு, ப்ரீபெய்டுக்கும் கடந்த ஆறு மாதம் வரையிலான கணக்கை வரி வரியாகக் கேட்டு வாங்கலாம், அதற்கு அவர்கள் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. மூன்றும் ஐந்துமாகப் போன காசைத் தேட ஐம்பது ரூபாயா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது!

198ல் தீராவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. இதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் வாங்கின சிம் நம் ஊரில் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது, அது கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துச் சிம், அதற்குத் தமிழ்நாட்டு அதிகாரிக்கு எழுதினால் கடிதம் சும்மா கிடக்கும். அம்மாவின் சிம் எந்தப் பக்கத்தது என்று முதலில் பாருங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. போன் கம்பெனி மீது அங்கே நேராகவே வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லிவிட்டது, ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இந்தச் சில்லறைக்கு யாரும் அங்கே போய் நிற்க மாட்டார்கள்தான், அது கம்பெனிக்கும் தெரியும்.

கடைசியாக, போன் மெனுவில் சிம் கம்பெனியின் பெயரிலோ சிம் டூல்கிட் என்றோ ஒன்று இருக்கும், அதற்குள் போய் அறிவிப்பை நிறுத்தி வையுங்கள். கீ லாக் போடவும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள், இரண்டு நாள் திட்டுவார், அப்புறம் பழகிவிடும்.

கேள்வி: விளம்பரத் தொல்லையைத் தடுக்கும் 1909ல் பதிந்து வைத்தால் இதெல்லாம் வராதுதானே? (வாசகர், திங்கள்சந்தை)

பதில்: விளம்பரம் குறையும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையை அது நிறுத்தாது, அதற்கு 155223தான்.

கேள்வி: குளச்சலில் மீன் வியாபாரம். புது போனில் யுபிஐ ஆப்பைப் பதிய ஐந்து தடவை முயன்றேன், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை ரூபாய் போனது. நான் யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. ஹேக் பண்ணிவிட்டார்களா? (வாசகர், குளச்சல்)

பதில்: இல்லை, அனுப்பினது ஆப்தான். இந்த நம்பர் உள்ள சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று வங்கி உறுதி செய்ய, ஆப் உங்கள் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். உங்கள் பிளானில் எஸ்எம்எஸ் இல்லையென்றால் காசு மெயின் பேலன்ஸில் போகும், பதிவு நடக்காவிட்டாலும் போனது போனதுதான். டவர் சரியாகக் கிடைக்கும் இடத்தில் நின்று, இரண்டு சிம் போன் என்றால் வங்கியில் கொடுத்த நம்பர் உள்ள சிம்மைத் தேர்ந்தெடுத்து முயலுங்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் கடற்கரையில் நின்றுகொண்டு வேண்டாம். ஆனால் ஒன்று, வேறு யாராவது போனில் பேசி, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மெசேஜை உங்களுக்கு அனுப்பி "இதை இந்த நம்பருக்குத் தட்டிவிடுங்க அண்ணே" என்றால் தட்டிவிடாதீர்கள். உங்கள் கணக்கை அவன் போனில் பதிய அந்த மெசேஜ் போதும், அப்போது போவது ஒன்றரை ரூபாயாக இருக்காது.

கேள்வி: துபாயில் இருந்து மருமகன் ஐபோன் கொண்டுவந்து கொடுத்தார். நம் ஊர் சிம்மைப் போட்டதும் வெளிநாட்டு எஸ்எம்எஸ் என்று காசு பிடித்திருக்கிறார்கள். எனக்கு வெளிநாட்டில் தெரிந்தவர் மருமகன் ஒருவர்தான், அவரும் இங்கேதான் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: போனது துபாய்க்கு இல்லை, இங்கிலாந்துக்கு. ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் உங்கள் நம்பரில் வேலை செய்ய, ஐபோன் சத்தம் காட்டாமல் +44 என்று தொடங்கும் எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அது நம் போனின் மெசேஜ் பட்டியலில்கூடத் தெரியாது. இதற்கு 198ல் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்த இரண்டும் வேண்டாம், வாட்ஸாப் போதும் என்றால் செட்டிங்ஸில் போய் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடியும் ஒரு தடவை போகும்.