பைகிளிப்பர்: அம்பத்தூர் பட்டறைப் பக்கத்திலிருந்து சில பதில்கள்

லேசர் வெட்டும் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பலகோணங்களை வெட்டவும் ஓரத்தை நகர்த்தவும், அதாவது ஆஃப்செட் செய்யவும், பைத்தானில் நான் எடுப்பது பைகிளிப்பர். ஆங்கஸ் ஜான்சன் எழுதிய கிளிப்பர் தொகுப்பின் சி பிளஸ் பிளஸ் வடிவத்துக்கு, பைத்தானையும் சி-யையும் இணைக்கும் சைத்தான் (Cython) மொழியில் போட்ட உறை அது.

தரமணி மாணவர்: ஐயா, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் இதை நிறுவினால் ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 தேவை’ என்று சிவப்பில் கத்துகிறது. நேற்றுதான் பைத்தானைப் புதுப்பித்தேன்.

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது, தம்பி. பிப் முதலில் உங்கள் பைத்தான் பதிப்புக்கு ஏற்ற வீல் கோப்பைத் தேடும். அதில் எல்லாம் கம்பைல் ஆகி, கணினி ஓட்டத் தயாராகவே இருக்கும். புத்தம் புதுப் பதிப்புக்கு வீல் வந்திராவிட்டால், மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். அதற்கு வேண்டிய கம்பைலர், அதாவது அந்த விஷுவல் சி பிளஸ் பிளஸ், உங்களிடம் இல்லை, விழுகிறது. முந்தைய பைத்தானில் தனி வென்வ், அதாவது மற்றதோடு கலக்காத தனிச் சூழல், உருவாக்கி நிறுவுங்கள். விடுதி வைஃபையில் அந்தக் கம்பைலர் அடங்கிய சில ஜிபி பில்டு டூல்ஸை இறக்குவதைவிட அது மேல்.

வேளச்சேரி வாசகி: உபுண்டுவில் மூலத்திலிருந்து கட்டும்போது பைத்தான் ஹெடர் கோப்பு இல்லை என்கிறது.

ஹெடர் கோப்பைத் தரும் பைத்தான்3-டெவ், கம்பைலரைத் தரும் பில்டு-எசென்ஷியல் இரண்டையும் நிறுவுங்கள். மூல நிரலைக் கிட்ஹப்பில் ஜிப்பாக இறக்காமல், கிட் வரலாற்றோடு குளோன் செய்யுங்கள். பதிப்பு எண் அந்த வரலாற்றில் உள்ள பதிப்புக் குறிகளான கிட் டேகுகளிலிருந்து எடுக்கப்படுகிறது, ஜிப்பில் அவை இல்லை.

அம்பத்தூர் பட்டறைக்காரர்: நிறுவியாகிவிட்டது. 0.1 மி.மீ. ஆஃப்செட் கொடுத்தால் படம் அசையவே இல்லையே, அண்ணா?

நானும் கையைச் சுட்டுக்கொண்ட இடம். கிளிப்பர் புள்ளிகளை முழு எண்களாகவே வைத்துக்கொள்ளும், 10.7 உள்ளே போனால் 10தான். நான் முதலில் வெட்டிய வாஷரில் 0.8 மி.மீ. ஆரமுள்ள நடுத்துளையே காணோம். அதன் புள்ளிகள் அத்தனையும் பூஜ்யமாகிவிட்டிருந்தன!

எல்லாவற்றையும் 1000ஆல் பெருக்கி மைக்ரானாக்குங்கள். ஆஃப்செட் அளவையும் பெருக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். லேசர் தின்னும் அகலம் 0.2 மி.மீ. என்றால் பாதி 0.1, கொடுக்க வேண்டியது 100.

பைகிளிப்பரோடு கூடவே வரும் ஸ்கேல் டு கிளிப்பர் ஃபங்ஷன் இயல்பாக 2இன் 31ஆம் அடுக்கால் பெருக்குகிறது. வளைந்த மூலை கேட்டால் அங்கே வினை. வளைவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் ஆர்க் டாலரன்ஸ் 0.25 என்றே இருந்தால், இதே ஆஃப்செட்டில் ஒரு முழு வட்ட வளைவுக்கு ஏறத்தாழ 65,000 புள்ளிகள் விழும். 1000ஆல் பெருக்கினால் 44. அந்த 65,000 புள்ளிக் கோப்பை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பிப் பார்த்தவனுக்குத் தெரியும் வித்தியாசம்.

கிண்டி வாசகர்: துளையைத் தனியே ஆஃப்செட் செய்தால் சுருங்காமல் பெரிதாகிறது.

தனியே கொடுத்தால் அதையும் வெளி ஓரமாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே ஆஃப்செட் ஆப்ஜெக்டில், துளையை எதிர்ச் சுற்றில் சேருங்கள். திசையை ஓரியண்டேஷன் ஃபங்ஷன் சொல்லும், ரிவர்ஸ் பாத் ஃபங்ஷன் திருப்பும். ஒரே சுற்றில் போட்டால் துளை விழுங்கப்பட்டுவிடும்.

பெருங்குடி வாசகி: பைத்தானில் ஷேப்லி என்ற வடிவியல் தொகுப்பு இருக்க இது எதற்கு?

ஏரி, தெரு என்று வரைபட வேலையானால் ஷேப்லியே போதும். தசமப் புள்ளிகளை அப்படியே ஏற்கும். தகடு வெட்டுவதற்கு மட்டும் நான் இதை விடவில்லை. ஆனால் பைகிளிப்பர் நிற்பது பழைய கிளிப்பர் 6இன் மேல்; ஜான்சன் 2022இல் கிளிப்பர்2 வெளியிட்டுவிட்டார். புதிதாகத் தொடங்குபவர் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.