கர்ப்பகால யோகா ஆசிரியர் பயிற்சி: எதைப் பார்த்துச் சேர்வது?

கேள்வி: தஞ்சாவூரில் மூன்று ஆண்டுகளாகப் பெண்களுக்கு யோகா வகுப்பு நடத்துகிறேன். 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கிறேன். என்னிடம் பயிலும் இருவர் கருவுற்றிருக்கிறார்கள். தொடர்ந்து வரலாமா என்று கேட்கிறார்கள். கர்ப்பகால, பிரசவகால யோகா கற்பிக்கத் தனிப் பயிற்சி பெற விரும்புகிறேன். ஐந்து நாள் இணையவழிப் படிப்பு முதல் பல மாதப் படிப்பு வரை விளம்பரங்கள் வருகின்றன. எதில் சேர்வது? எந்தச் சான்றிதழ் செல்லும்?

பதில்: சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு யோகா கற்பிப்பதற்கென்று சட்டப்படி கட்டாயமான தனி உரிமம் எதுவும் இல்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துப் பல நிலைகளில் சான்றளிக்கிறது; அதைப் பெறுவது அவரவர் விருப்பம். விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் 'ஆர்பிஒய்டி' என்பது யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு வைத்திருக்கும் பதிவு. அதற்கு, உங்களிடம் இருப்பது போன்ற அடிப்படைப் பயிற்சியின் மேல், பதிவுபெற்ற பள்ளியில் 85 மணி நேரக் கர்ப்பகாலப் பயிற்சியும், அதன்பின் கர்ப்பிணிகளுக்கு 30 மணி நேரம் கற்பித்த அனுபவமும் வேண்டும். அந்தப் பதிவு உங்களுக்குத் தேவையோ இல்லையோ, 85 மணி நேரம் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஐந்து நாள் படிப்பு எதையெல்லாம் விட்டுவிடும் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் எத்தனை ஆசனங்கள் சொல்லித் தருகிறார்கள் என்று எண்ணாதீர்கள். எப்போது நிறுத்த வேண்டும், யாரை வகுப்பில் சேர்க்கக் கூடாது என்பதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கருவுற்றவரின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி கூடுகிறது. இதயம் அதற்கேற்ப உழைக்கிறது. ஆகவே நெடுநேரம் அசையாமல் நிற்கும் ஆசனத்தில் தலைசுற்றல் வரலாம். இருபதாவது வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்தி இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும் என்பதால்தான், சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துச் செய்யச் சொல்கிறோம். ஹார்மோன்களால் இணைப்புத் திசுக்கள் தளர்வதால், முன்பு எட்டாத நிலைகள் சிலருக்கு எளிதாகக் கைகூடும். மாணவி மகிழ்வார், ஆசிரியரும் பாராட்டுவார், இரண்டு நாள் கழித்து முன் இடுப்பெலும்பு மூட்டில் வலி வந்து நிற்கும். மூச்சை வேகமாக விடும் கபாலபாதி, பஸ்திரிகா, வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கும் உட்டியாண பந்தம், மூச்சை அடக்கும் கும்பகம், குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனம், தனுராசனம் ஆகியவற்றை ஏன் விலக்குகிறோம் என்று காரணத்தோடு விளக்காமல், 'செய்யக் கூடாதவை' என்று ஒரு தாளை மட்டும் தரும் படிப்பு, புதிய சூழ்நிலை ஒன்று வரும்போது உங்களைக் கைவிட்டுவிடும்.

அந்தப் புதிய சூழ்நிலை கட்டாயம் வரும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்த பெண் மாலாசனத்தில் குந்தி அமரலாமா? ஹீமோகுளோபின் 11 கிராமுக்கு மிகவும் கீழே இருப்பவரை எவ்வளவு நேரம் நிற்க வைக்கலாம்? இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டவர், 'லேசான தலைவலிதான், கண் கொஞ்சம் மங்குகிறது' என்று சொன்னால், பிராமரி என்ற ரீங்கார மூச்சுப் பயிற்சியைச் செய்ய வைத்து அமைதிப்படுத்துவதா, உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதா? கடைசிக் கேள்விக்கு விடை ஒன்றுதான்: உடனே அனுப்ப வேண்டும். இரத்தக்கசிவு, பனிக்குட நீர் வெளியேறுதல், குழந்தையின் அசைவு குறைதல், நெஞ்சுவலி, ஒரு காலின் கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய அறிகுறிகளுக்கும் அதுவே விடை. இவற்றை மகப்பேறு மருத்துவரோ தேர்ந்த செவிலியரோ நேரில் வந்து கற்பிக்கும் பயிற்சியையே தேர்ந்தெடுங்கள். இடுப்புத் தளத் தசைகளை இறுக்குவதற்கு மட்டுமல்லாமல் தளர்த்துவதற்கும் கற்பிக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆசிரியர் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பிரசவ நேரத்தில் தேவைப்படுவது தளர்த்தத் தெரிவதே. கருச்சிதைவு நேர்ந்த மாணவியிடம் என்ன பேசுவது, என்ன பேசாமலிருப்பது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

பிரசவகாலப் பகுதியைப் பொறுத்தவரை, ஆபத்துக் காரணிகள் இல்லாத பெண்கள் வலியின்போது நடமாடுவதையும், விரும்பிய நிலையில் இருப்பதையும், தமக்கு எழும் உந்துதலைப் பின்பற்றி முக்குவதையும் உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆதரிக்கிறது. நம் ஊர்ப் பிரசவ அறைகள் பலவற்றில் மல்லாந்து படுத்தே பிரசவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே நான்கு கால் நிலையையும் குந்துதலையும் மட்டும் பழக்கிவிட்டு, கட்டிலில் படுத்த நிலையில் தாடையையும் தோள்களையும் தளர்த்தி, மூச்சை நீளமாக வெளிவிடப் பழக்காத ஆசிரியர் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறார்.

நம் வழக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் மாணவி தாய்வீட்டுக்குப் போய்விடுவார். வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் பிரசவத் தயாரிப்பைக் கடைசி வாரங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கும். அதை அப்படியே பின்பற்றினால் முக்கியமான பாடத்தை நடத்தும் நாளில் பாய் காலியாக இருக்கும். மூச்சுப் பயிற்சியையும் வலிநேர நிலைகளையும் ஆறாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். முடிந்தால் உடன் இருக்கப்போகும் தாயையோ அக்காவையோ ஒரு வகுப்புக்கு வரவழையுங்கள்.

'சுகப்பிரசவம் உறுதி' என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் சேராதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைசிகிச்சை மூலம் நடந்தன. அதற்கு மருத்துவக் காரணங்களும் மருத்துவமனை நடைமுறைகளும் பல உண்டு. மாணவி பட்டாம்பூச்சி ஆசனத்தை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது அவற்றுள் ஒன்றன்று. வாக்குறுதியை நம்பி வந்தவர் அறுவைசிகிச்சைக்குப் பின் தம்மையே குறை சொல்லிக்கொள்வார். யோகாவால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. பெங்களூரில் 335 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகா செய்தவர்களிடம் குறைப்பிரசவம் குறைந்தும், 2,500 கிராமுக்குக் குறையாத எடையுடன் பிறந்த குழந்தைகள் கூடியும் இருந்தன. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அந்த வரம்பையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியரே நம்பத்தக்கவர்.

உங்கள் இரு மாணவியரைப் பொறுத்தவரை, நீங்கள் முறையாகப் பயின்று முடிப்பதற்குள் அவர்களுக்குக் குழந்தை பிறந்துவிடக்கூடும். அவர்களுக்காக அவசரப்பட்டுக் குறுகிய படிப்பில் சேர வேண்டாம். இருவரும் தங்கள் மகப்பேறு மருத்துவரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கட்டும். அதன்பின் கர்ப்பகாலப் பயிற்சி பெற்ற ஆசிரியரிடமோ, அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உள்ள யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுக்கோ அனுப்பிவையுங்கள். நீங்களும் அங்கே அனுமதி பெற்று ஓரிரு வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். எந்தப் படிப்பில் சேர்வது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.