கறிவேப்பிலையில் விழுந்த புழு

வணக்கம் ஐயா,

கோலாலம்பூர் செராஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டிக் கிடந்த துண்டு நிலத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து தோட்டம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. போகன்வில்லாவும் குரோட்டன்ஸும் செழித்து நிற்கின்றன. ஆனால் ஒரு வண்ணத்துப்பூச்சி கூட எட்டிப் பார்க்கவில்லை. கறிவேப்பிலை வைத்தோம், புழு விழுந்தது என்று மருந்தடித்துவிட்டார்கள். நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பச்சையைப் பட்டணத்துக்குக் கொண்டுவர வழியே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் காத்திருந்த வண்ணத்துப்பூச்சி வந்துவிட்டது. அதைத்தான் மருந்தடித்துக் கொன்றிருக்கிறார்கள்.

கறிவேப்பிலையில் விழுந்தது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். சின்னதில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். முட்டையிலிருந்து இறக்கை வரை ஏறக்குறைய நான்கு வாரம். செடி பிறகு தானே துளிர்த்துக்கொள்ளும். தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இப்படிப்பட்ட புழுக்களைத்தான். புழு வேண்டாம், குருவி மட்டும் வேண்டும் என்றால் நடக்காது.

அப்புறம், தோட்டத்துப் பச்சை. நான் இருப்பது குளுவாங்கில். எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். எனக்கும் அந்தப் பச்சை பிடிக்கும், ஆனால் அது ஒரே மரத்தின் பச்சை. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது, அதன் பூவுக்கு வரும் பூச்சி வரவில்லை. அதனால் மகரந்தப் பொடியைத் தொழிலாளர்கள் கையால் தூவினார்கள். என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர். 1981-இல் கேமரூனிலிருந்து எள்ளளவு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. கண்ணுக்கு எட்டியவரை மரம், காய் பிடிக்க ஒரு வண்டு இல்லை! நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். செம்பனைத் தோட்டத்துப் பாதையோரம் வரிசையாக டர்னேரா பூச்செடி பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்ததில்லை. ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் என்ற புழுவைக் கொல்கிற சிறு குளவிகள் அந்தப் பூவில்தான் தேன் குடிக்கின்றன.

உங்கள் நினைவில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிகள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கொல்லையில் பறந்தவையாகத்தான் இருக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, வாழை, கோயிலோரம் எருக்கு என்று பத்தடி நிலத்தில் எத்தனை வகை! செராஸுக்குக் கொண்டுபோக வேண்டியது அதைத்தான். கொண்டுபோகவும் முடியும். மின்கம்பி செல்லும் ஒதுக்கு நிலத்தில் 2017-இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டம் உங்களுக்குப் பக்கம்தானே, தோழிகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கறிவேப்பிலை மூன்றாக வையுங்கள். இரண்டு குழம்புக்கு, ஒன்று புழுவுக்கு. அந்த ஒன்றில் ஒரு அட்டையைக் கட்டி, இது என்ன புழு, நான்கு வாரத்தில் என்ன ஆகும் என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதிவையுங்கள். மருந்தடித்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டத்தில் டெங்கிப் பேச்சும் கட்டாயம் வரும். அந்தப் பயம் நியாயமானது. பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பேசச் சுலபமாகும்.

எருக்கும் ஒன்று வேண்டும். ஆரஞ்சு இறக்கையில் கறுப்பு ஓரம் போட்ட வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். எங்கள் கோயில் வேலியோரம் நிறைய நிற்கிறது. தீபாவளிக்கு இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், இரண்டு கன்று பையில் போட்டு வைக்கிறேன்.